சுரண்டியது திரும்பாது: பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மறுமெருகு

பழைய துப்பாக்கியைத் தூசி தட்டி எடுத்தவுடன் கை தானாக உப்புத்தாளைத் தேடும். துரு கண்ணை உறுத்துவதால் அதைத் தேய்த்துத் தள்ளிவிடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் நூறு ஆண்டுத் துரு செய்யாத கெடுதலை அரை மணி நேர பஃபிங் சக்கரம் செய்துவிடும். கூர்மையான விளிம்புகள் உருண்டுபோகும், ஸ்க்ரூ துளைகளின் வாய் கிண்ணம்போலக் குழியும், பொறித்த எழுத்துகள் மங்கும். எஃகும் மரமும் எடுக்க எடுக்கக் குறையுமே தவிர வளராது. அதனால் மிகக் குறைவாக எடுக்கும் முறையில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் அடுத்த படிக்குப் போவதுதான் இந்த வேலையின் ஒழுங்கு.

அருகருகே இரண்டு குழல்கள் கொண்ட பழைய வேட்டைத் துப்பாக்கியை வைத்தே இதைச் சொல்கிறேன். எஃகு, ஈயப்பற்று, நிறம் ஏற்றிய ஆக்ஷன் (குழலின் பின்புறத்தை மூடும் நடுப்பகுதி), தோளில் தாங்கும் வால்நட் கட்டை என்று எல்லாச் சிக்கலும் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன. வீட்டில் செய்யத்தக்கது மேற்பரப்பு வேலை மட்டும்தான். பூட்டு (சுடும் பொறி) தளர்ந்திருந்தாலோ, சுத்தி தானாக விழுந்தாலோ, குழலுக்கும் ஆக்ஷனுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ அது துப்பாக்கித் தொழிலாளியின் வேலை. மெருகு எவ்வளவு அழகாக வந்தாலும், அவர் சோதித்துச் சொல்லும்வரை அதில் தோட்டா போடக் கூடாது.

தொடுவதற்கு முன்

குழலைத் திறந்து இரண்டு அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். முன்புறமாகக் குண்டு போடும் பழைய வகையானால் இன்னும் கவனம் வேண்டும். பல தலைமுறையாகச் சுவரில் தொங்கியவற்றில்கூட மருந்து நிரம்பியே இருப்பதுண்டு. குழலுக்குள் ஒரு குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, அதை வெளிப்புற நீளத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். சில அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை நீங்கள் எடுக்க முயல வேண்டாம், தொழிலாளியிடம் கொடுங்கள்.

அடுத்து, குழலின் அடிப்பக்கத்தில் இருக்கும் சோதனை முத்திரைகளைப் படியுங்கள். முட்டை வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை. பிரிட்டிஷ் குழலில் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்திருந்தால் அது 1875 முதல் 1887 வரையிலான காலத்தது, வாய்ப்பக்கம் குறுக்கிய குழல். அந்த வயதுக் குழலில் பிற்கால மறுசோதனை முத்திரை இல்லையென்றால் பழைய வகை வெடிமருந்தான கருமருந்துக்கு மட்டுமானது என்றே கொள்ள வேண்டும். தோட்டா அறையின் நீளமும் முக்கியம். பழைய '12 bore' (குழல் அகலத்தின் அளவு) துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர்தான். இன்று பரவலாகக் கிடைக்கும் 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் இடைஞ்சலில்லாமல் நுழையும். ஆனால் வெடிக்கும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும்.

முத்திரைகளையும் வரிசை எண்ணையும் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றம், தேய்க்கும்போது தவறுதலாக அழிந்தாலும் விளக்கம் சொல்வது கடினம். அந்த இடத்தில் உப்புத்தாளே படக் கூடாது.

குழல் மேற்பரப்பில் சுருள் சுருளான ரேகை மங்கலாகத் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டியையும் எஃகுப் பட்டியையும் முறுக்கி, அச்சின்மேல் சுற்றி, உலைச்சூட்டில் ஒட்டிச் செய்தது. இதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் ரேகை மறைந்துவிடும். அரிய டமாஸ்கஸ் குழலை வைத்து வேலை கற்றுக்கொள்ளாதீர்கள்.

ஸ்க்ரூக்கள்

பாதிப் பழுது இங்கேதான் நேர்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவரின் முனை ஆப்புபோலச் சரிந்திருக்கும். திருகும்போது அது ஸ்க்ரூ தலையின் காடியிலிருந்து மேலேறி, விளிம்பைப் பிய்த்துவிடும். பக்கங்கள் இணையாக இருக்கும்படி குழித்துத் தீட்டிய முனை வேண்டும். அது காடியின் அகலத்தையும் நீளத்தையும் முழுக்க நிரப்ப வேண்டும். பழைய நல்ல துப்பாக்கிகளின் காடி மிகக் குறுகலானது, அதற்கென்றே முனையைக் கல்லில் தீட்டிக்கொள்வது வழக்கம்.

அசையாத ஸ்க்ரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்தது நன்றாக இறங்கும், ஆனால் பக்கத்து மெருகையும் கரைத்துவிடும். எண்ணெய் போதாவிட்டால், அசிட்டோனை முழுக்கத் துடைத்துக் காயவிட்ட பிறகு, சூடான சால்டரிங் இரும்பை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். விரிந்து சுருங்கும்போது துருப்பிடி விடும். அப்போதும் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்த பிறகே கழற்றுங்கள். ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஸ்க்ரூக்கள் ஒன்றாக இருக்காது. அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, கழற்றிய இடத்திலேயே குத்தி வையுங்கள்.

முதலில் கொதிக்க மட்டும் வையுங்கள்

பலருக்குத் தெரியாத, மிகக் குறைவாகச் சேதம் செய்யும் முறை இது. சிவப்புத் துருவைக் கொதிநீரில் வைத்தால் அது கருப்பு ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாறும். துப்பாக்கியின் பழைய நீலக் கருமையும் அதே பொருள்தான். எண்ணெய்ப்பசை நீக்கிய குழலைக் காய்ச்சி வடித்த நீரில் இருபது நிமிடம் கொதிக்க வைத்து எடுத்து, அது கருத்த பிறகு மிக மெல்லிய 0000 ஸ்டீல் உல்லால் (எஃகு இழைப் பஞ்சு) லேசாகத் துடைத்தால், தளர்ந்த கருந்தூள் போய் அடியில் மிஞ்சிய பழைய மெருகு தெரியும். மேலோட்டமான துரு என்றால் வேலை இத்தோடு முடிந்துவிடலாம். பலமுறை இதைப் பார்த்தபின் புதுப்பூச்சே வேண்டாமென்று தோன்றும், அதுவே நல்ல முடிவு.

வினிகர் துருவைக் கரைக்கும், கூடவே நீலத்தையும் அரை மணிக்குள் முழுக்க உரித்துவிடும். பழைய மெருகைக் காக்க நினைப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் மோசம். வில்கள்போன்ற கடினப்படுத்திய பாகங்களுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும். நுண்குழிகளில் தங்கிய அமிலம் மாதக்கணக்கில் துருவைக் கக்கும். பிறகு, மின்னோட்டத்தால் துரு நீக்கும் மின்னாற்பகுப்பு முறையை நாடுபவர்கள் நேர்மின்முனைக்கு ஸ்டெயின்லெஸ் எஃகை வைக்கக் கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியச் சேர்மம் கரைந்து வரும். சாதாரண இரும்புத் துண்டு போதும்.

குழிகளும் தேய்ப்பும்

கொதிக்க வைத்தும் திட்டுத்திட்டாகவே இருந்தால்தான் தேய்ப்பு. அப்போதும் எல்லாக் குழியையும் போக்க முயல வேண்டாம். குழியின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள எஃகை இறக்கினால்தான் அது மறையும். குழலின் வாய்ப்பக்கச் சுவர் ஏற்கெனவே மெல்லியது, அங்கே அவ்வளவு இறக்குவது ஆபத்து. ஆழமான குழிகளை விட்டுவிடுங்கள். கருமை ஏறியபின் அவை பாதிக்குமேல் கண்ணில் படாது.

உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்க்காதீர்கள். விரல் மென்மையானது, பள்ளத்துக்குள்ளும் புகுந்து அலை அலையாக்கிவிடும். தட்டையான இடத்துக்குக் கட்டை அல்லது அரத்தின் முதுகு, குழலுக்குக் கெட்டியான தோல் அல்லது ரப்பர் தாங்கி. 220 எண் தாளில் ஒரு திசை, 320-இல் குறுக்குத் திசை, 400-இல் குழலின் நீளவாக்கில் முடிப்பு. திசை மாற்றினால்தான் முந்தைய தாளின் கீறல் மிச்சமிருப்பது தெரியும். 400-உடன் நிறுத்துங்கள். துருக்கருமை (துருவேற்றிக் கருக்கவைப்பது, பின்னால் வருகிறது) ஏறுவதற்குச் சற்றுச் சொரசொரப்பு வேண்டும், கண்ணாடிபோல மெருகேற்றிய பரப்பில் துரு திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

ஆக்ஷனின் பக்கவாட்டில் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்த மேகம்போன்ற நிறங்கள் தெரிந்தால் அவை எலும்புக்கரியும் மரக்கரியும் போட்டு மேற்பரப்பைக் கடினப்படுத்தியபோது வந்தவை. அந்த நிறப்படலம் மிக மிக மெல்லியது, ஸ்டீல் உல்லே அழித்துவிடும். வீட்டில் அதை மீட்க வழியில்லை. மென்துணியும் எண்ணெயும் போதும். எரிவாயுச் சுடர் காட்டி அதுபோன்ற நிறம் வரவழைப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. ஆக்ஷனின் கடினம் அதில் இறங்கிவிடும் என்பதால் அது அலங்காரம் அல்ல, அபாயம்.

எந்தக் கருமை?

சூடான காரக்கரைசல் ப்ளூயிங் (எஃகுக்குக் கருநீலம் ஏற்றுவது) தொழிற்சாலை முறை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசல் ஏறத்தாழ 135 முதல் 150 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இரட்டைக் குழலுக்கு இது கூடவே கூடாது. இரண்டு குழல்களையும் அவற்றின் நடுவே மேலே ஓடும் முதுகுப் பட்டையையும் பிணைத்திருப்பது ஈயப்பற்று, காரம் அதை அரிக்கும். பட்டைக்கு அடியில் புகுந்த உப்பு வெளியே வராமல் உள்ளிருந்தே எஃகைத் தின்னும். வீட்டில் அந்தக் கரைசலை வைத்திருப்பதன் ஆபத்து தனிக்கதை.

குப்பியில் கிடைக்கும் குளிர் ப்ளூயிங் செலினியமும் செம்பும் உள்ள ஒரு பூச்சு. ஸ்க்ரூ தலை, சிறு கீறல் ஆகியவற்றைத் தொட்டு மறைக்கச் சரி. முழுக் குழலுக்கும் போட்டால் கைபடும் இடத்தில் சில மாதங்களில் தேய்ந்து பழுப்பாகும். செலினியம் நச்சு என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்.

மிஞ்சுவது துருக்கருமை. மெல்லத் துருவேற்றி, கொதிக்க வைத்து, துடைத்து, திரும்பத் திரும்பச் செய்வது. கொதிநீர் நூறு டிகிரிக்கு மேல் போகாது, வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரிக்குக் கீழே உருகாது. பழைய நல்ல இரட்டைக் குழல்களுக்கு முதலில் ஏறியிருந்ததும் இதே கருமைதான்.

துருவேற்றுதல், படிப்படியாக

ஒரு லிட்டர் சூடான நீருக்கு இரண்டு மூன்று கரண்டி சலவைச் சோடா போட்டுக் குழலைக் கழுவுங்கள், அலசுங்கள், அசிட்டோனால் துடையுங்கள். தண்ணீர் தெளித்துச் சோதிக்கலாம். நீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சம், படலமாக விரிந்தால் சுத்தம். இதற்குப் பிறகு நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது, ஒரு விரல்ரேகை போதும் திட்டு விழ. கடையில் வாங்கும் ஸ்டீல் உல்லிலும் எண்ணெய் இருக்கும். அதையும் அசிட்டோனில் அலசிக் காயவைத்த பிறகே கொதிநீர் அடுப்புப் பக்கம் கொண்டுபோங்கள்.

குழலின் உட்புறத்தைக் காக்க நீர்ப்புகாத வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுக்கலாம், பிறகு கரைப்பானால் எடுத்துவிடலாம். மரக்கட்டையால் இருமுனையும் அடைப்பவர்களும் உண்டு. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து அடைப்பு தெறிக்கக்கூடும் என்பதால் முகத்தை நேரே வைக்காதீர்கள். உள்ளே எண்ணெய் தடவுவது மட்டும் கூடாது. அது கொதிநீரில் மிதந்து வந்து வெளிப்புறம் முழுவதையும் பூசிவிடும், அதுவரை செய்த சுத்தம் வீண்.

துருவேற்றும் கரைசலைத் தயாரித்ததாகவே வாங்குங்கள். வீட்டில் அமிலம் கலப்பதில் லாபமில்லை. பழைய குறிப்புகள் சிலவற்றில் பாதரச உப்பு வரும், அவற்றைத் தொடவே வேண்டாம். பஞ்சைக் கரைசலில் தொட்டு, ஏறக்குறைய உலர்ந்துபோகுமளவு பிழிந்து, குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பாதீர்கள். மேலே மேலே பட்டால் செம்புநிறக் கோடு விழும், ஈரம் அதிகமானால் வழிந்த தடம் குழியாக அரித்துவிடும்.

பூசியதை ஈரக்காற்றில் தொங்கவிட வேண்டும். மூடிய மரப்பெட்டிக்குள் ஈரத்துணி ஒன்று, 25 முதல் 30 டிகிரி வெப்பம், 70 முதல் 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் மூன்று நான்கு மணியில் மாவு தூவியதுபோல மெல்லிய, சீரான ஆரஞ்சுத் துரு பிடிக்கும். வறண்ட காற்றென்றால் இரவு முழுக்க ஆகலாம். மணிக்கணக்கை நம்பாமல் பார்த்து எடுங்கள். துரு மாவுபோல இருக்கும்வரை நல்லது, மணல்போலக் கரடுமுரடானால் எஃகு அரிபடத் தொடங்கிவிட்டது.

பிறகு கொதிநீர். தொட்டி சாதாரண இரும்பாகவோ ஸ்டெயின்லெஸ் எஃகாகவோ இருக்கட்டும், அலுமினியமும் துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும், உப்புநீரானால் வெள்ளைப் புள்ளிகள் படியும். குழல் முழுக்க மூழ்கிப் பதினைந்து முதல் இருபது நிமிடம் கொதித்தால் ஆரஞ்சு கருப்பு வெல்வெட்டாக மாறியிருக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொதிக்கும்போது முதுகுப் பட்டையின் ஓரத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் அங்கே ஈயப்பற்று விட்டிருக்கிறது, உள்ளே நீர் புகுகிறது. வேலையை நிறுத்தி, பட்டையைத் திரும்பப் பற்றவைக்கக் கொடுக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் சூட்டிலேயே உலர்ந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஸ்டீல் உல்லால், எடையே கொடுக்காமல், கருந்தூளைத் துடையுங்கள். அடியில் தெரிவது சாம்பல் நிறமாக, திட்டுத்திட்டாக இருக்கும். முதல் சுற்றில் எல்லோருக்கும் வருகிற ஏமாற்றம் இது. மூன்றாவது நான்காவது சுற்றில் நிறம் கூடிவரும். ஆறு முதல் பத்துச் சுற்று சாதாரணம். கருமை தடிக்கத் தடிக்கத் துரு பிடிப்பது குறையும். புதிதாக ஏறக்குறைய எதுவும் பிடிக்காத சுற்றுதான் கடைசி. ஒரு நாளைக்கு இரண்டு சுற்றுக்கு மேல் அவசரப்படாதீர்கள். எந்த இடமாவது வெளுத்தே நின்றால் அங்கே எண்ணெய் பட்டிருக்கிறது, அல்லது துடைக்கும்போது அழுத்தியிருக்கிறீர்கள்.

முடிந்ததும் நீரில் கொஞ்சம் சமையல் சோடா போட்டு மறுபடி கொதிக்கவிட்டு மிச்ச அமிலத்தைக் கொல்ல வேண்டும். சூடாக இருக்கும்போதே தாராளமாக எண்ணெய் பூசி ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். எண்ணெய் பட்டதும் சாம்பல் கருமை ஆழ்ந்த கருநீலமாவதைப் பார்க்கலாம்.

சின்ன ஸ்க்ரூக்களையும் ஆணிகளையும் சூட்டால் நீலமாக்கலாம். மெருகேற்றிப் பித்தளைத் தூள்மேல் வைத்துச் சூடேற்றினால் 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறமும், 280-ஐ ஒட்டி ஊதாவும், 300-ஐ ஒட்டி மயில்நீலமும் வரும். நீலம் வந்த நொடியே எடுத்து எண்ணெயில் போடுங்கள். வில், விசை, சுத்தி ஆகியவற்றுக்கு இது கூடாது, கடினம் இறங்கும்.

கட்டை

கட்டையின் தலைப்பகுதி கன்னங்கரேலென்று இருப்பதற்குக் காரணம் துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தது. பூட்டிலிருந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் வடிந்து மரத்துக்குள் இறங்கியிருக்கும். எண்ணெய் ஊறிய வால்நட் மிருதுவாகி, பின்னுதைப்பில் விரியும். சுண்ணாம்புக்கல் தூளை, அதாவது சாக்குத் தூளை, அசிட்டோனில் தோசைமாவு பதத்தில் குழைத்துப் பூசி உலரவிடுங்கள். அசிட்டோன் எண்ணெயைக் கரைத்து மேலே கொண்டுவரும், தூள் உறிஞ்சிப் பழுப்பாகும். தட்டிவிட்டு மறுபடி. நான்கைந்து முறை வேண்டியிருக்கும். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மட்டும். காஸ்டிக் கலந்த அடுப்புச் சுத்திகரிப்பான்களை மரத்தில் போடாதீர்கள், நார் கெட்டு நிறம் இருண்டுவிடும்.

பழைய மெருகு எதுவென்று அறிய மறைவான இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. தின்னருக்கு மட்டும் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் அல்லது வார்னிஷ். அரக்கும் பழைய எண்ணெயும் சுத்தம் செய்தாலே பாதி உயிர் பெறும்.

பள்ளங்களுக்கு ஈரத்துணியை வைத்து மேலே சூடான இஸ்திரிப்பெட்டியைத் தொட்டெடுங்கள். நீராவி நசுங்கிய நாரை உப்பவைக்கும். நார் அறுபட்டிருந்தால் எழாது.

வால் தகட்டுக்கு (ஆக்ஷனிலிருந்து கட்டைக்குள் பின்னோக்கி நீளும் தகடு) பின்னால் விரிசல் இருந்தால் எண்ணெய் நீக்கிய பிறகே எபாக்சி பசை. மரத்தைச் சற்று வெதுப்பினால் பிசின் இளகி உள்ளே ஓடும். சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஒட்டியதோடு விட்டால் மறுபடி விரியும். உதைப்பின்போது தகடு ஆப்புபோல மரத்தைப் பிளக்கிறது என்பதுதான் காரணம். தகட்டின் பின்முனைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தடிமன் இடைவெளி விட்டால் உதை தாங்கவேண்டிய பரப்புகளுக்குப் போகும்.

தேய்க்கும்போது அடித்தகட்டை (கட்டையின் தோளில் படும் முனையிலுள்ள தகடு) கழற்றாதீர்கள். நாடா ஒட்டிப் பூட்டியபடியே கட்டையை மட்டம் பாருங்கள். தனியாகத் தேய்த்தால் விளிம்பு உருண்டு, பூட்டும்போது உலோகம் மரத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை. 180, 220, 320. நடுவில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் எழுந்த மரமயிரை வெட்டுங்கள். பிடியிலுள்ள சதுரக் கீறல்களை நாடாவால் மூடுங்கள், அவற்றுக்குப் பல் துலக்கும் பிரஷும் கரைப்பானும் போதும்.

மெருகுக்கு வேகவைத்த ஆளிவிதை எண்ணெய் அல்லது டங் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெய் உலர வாரக்கணக்காகும். முதல் இரண்டு பூச்சை எண்ணெயோடு 400 தாள் சேர்த்து ஈரமாகத் தேய்த்தால் வரும் கூழ் மரத்தின் நுண்துளைகளை நிரப்பும், உலருமுன் குறுக்குவாக்கில் துடையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் சில துளிகள் மட்டும், உள்ளங்கைச் சூட்டில் தேய்த்து, ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் நான்கு முதல் எட்டுப் பூச்சு. தடித்துப் பூசினால் மேலே தோல் கட்டி அடியில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அடித்தகட்டுக்கு அடியிலும் பூட்டுக் குழிக்குள்ளும் ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள், மறுபடி எண்ணெய் குடிக்காது.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடாகும், குவிந்த துணி தானே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீர் நிரப்பிய தகரத்தில் மூடி வையுங்கள்.

பூட்டும்போது ஒரு ஸ்க்ரூவின் காடி பழைய கோணத்தில் வந்து நிற்காவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். துளைக்குள் உறைந்த எண்ணெயோ வேறு இடத்து ஸ்க்ரூவோதான் காரணம். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கொருமுறை குழலை, முக்கியமாக முதுகுப் பட்டையின் ஓரங்களைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ஆரஞ்சு பட்டால் அமிலம் முழுக்கச் சாகவில்லை. எண்ணெய்ப்பசை நீக்கி, இன்னொரு முறை சோடா நீரில் கொதிக்க வைத்து எண்ணெய் பூசினால் நின்றுவிடும். பிறகு பெட்டியில் வைக்கும்போது குழல்வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.